நேரச்சான்று

தாலுகா ஆஸ்பத்திரியின் அந்த அறையில் அப்போது இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் சிகாமணி, வயது நாற்பத்தேழு, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு ட்ரோனில் மருந்தடிக்கும் தொழில். அவன் தலைமாட்டில் அவன் மனைவி பூங்காவனம். கால்மாட்டில் அவன் அண்ணன் ஏகாம்பரம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். திரைக்குப் பக்கத்தில் டாக்டர் நிலோபர். கதவருகே நர்ஸ் ஸ்டெல்லா. வேறு யாரும் இல்லை. தானும் உள்ளே இருந்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் அவர்கள் ஊரான கல்லேரிப்பட்டில் முப்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை, காலை ஏழு ஐந்து. ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் வந்த பழக்கம் அது. ஊரில் இன்னமும் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்பவர்கள் இருந்தார்கள்.

சிகாமணியின் மார்பின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி வில்லை ஒட்டியிருந்தது. கொள்ளைக்காய்ச்சல் பரவிய வருடங்களுக்குப் பிறகு எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்துவிட்ட கருவி. அது பார்ப்பதைத் திரை காட்டியது. சிவப்பு நூல்களால் பின்னிய வலை. வலையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் அசையாமல் நின்றன.

"இது உங்க தம்பியோட நுரையீரல் சார்" என்றாள் நிலோபர். "வெள்ளையா தெரியறதெல்லாம் வெள்ளணு. நம்ம உடம்போட காவல்காரங்க."

"ஏன் நிக்குது எல்லாம்?"

"நுரையீரல்ல ரத்தம் போற குழாய் ரொம்ப ஒடுக்கம். வெள்ளணு அதைவிடப் பருமன். நல்லா இருக்கற நாள்ல உடம்பை வளைச்சு நெளிச்சு நுழைஞ்சு போயிடும். ரத்தத்துல விஷம் கலந்துச்சுன்னா சண்டைக்குத் தயாரா விறைச்சுக்கும். விறைச்சதுக்கு வளைய வராது. குறுக்கால நின்னுடும். பின்னால வர்றதும் அது மேல வந்து நிக்கும்."

"ஒத்த லைன்ல வண்டி நின்ன மாதிரி."

"அதே தான் சார். காத்து உள்ள போகுது, ஆனா அதை வாங்கிக்க ரத்தம் வர முடியல."

"விறைச்சுக்கிட்டதாலதான் வழி அடைஞ்சுது."

"அதுங்க மேல தப்பு சொல்ல முடியாது. காப்பாத்தறதா நெனச்சுத்தான் விறைச்சுக்குதுங்க."

ஏகாம்பரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சிகாமணி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து சேந்துவதுபோல இழுத்துக்கொண்டிருந்தான்.

"மருந்து இருக்கு" என்றாள் நிலோபர். "இளக்கின்னு பேரு. ஊசி போட்டா விறைச்சதெல்லாம் இளகி நகர்ந்து போயிடும். இந்த ஆஸ்பத்திரியில மட்டும் ஆறு வருஷத்துல முப்பத்தொரு பேர் எழுந்து நடந்து போயிருக்காங்க. ஆனா ஒரு கணக்கு இருக்கு. காய்ச்சல் ஆரம்பிச்சு எட்டு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். தாண்டிட்டா குடுக்கவே கூடாது."

"குடுத்தா?"

"நின்ன இடத்துலயே ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள விஷத்தைச் சேர்த்து வெச்சிருக்கும். அதை அவுத்து விட்டோம்னா நேரா மூளைக்கும் இதயத்துக்கும் போய் அங்க கக்கும். அப்புறம் கையில எதுவும் இல்ல."

"எட்டு மணி தாண்டினவங்களுக்கு?"

"மாவட்ட ஆஸ்பத்திரி. ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷின்ல மூச்சு குடுத்து, திரும்ப உள்ள விடுவாங்க. மூணு வாரம் ஆகும். ரெண்டு பேர்ல ஒருத்தர் பிழைப்பாங்க." அவள் சிலேட்டுப் போன்ற ஒரு தகட்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "எத்தனை நிக்குதுன்னு இந்தக் கண்ணாடி சொல்லும். எப்போ வந்து நின்னுச்சுன்னு சொல்லாது. அதை வீட்டுக்காரங்கதான் சொல்லணும். நேரச்சான்று. காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சது சார்?"

ஏகாம்பரத்துக்கு நேரம் தெரியும். நிமிடம் வரைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்குச் சிகாமணி அம்மன் கோயில் தீக்குழியில் இறங்கினான். முதலில் இறங்கும் உரிமை அந்தக் குடும்பத்துடையது. ஏழு தலைமுறையாக ஒருவர் காலும் சுட்டதில்லை என்பது பேச்சு. விரதம் கெட்டவனைத்தான் நெருப்பு சுடும் என்பது ஊரின் நம்பிக்கை. ஆகவே முதல் ஆள் நெருப்பைக் கடந்து பால் குழியில் கால் நனைத்ததும், கோயில் வாசலில் போட்ட பலகையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் ஊருக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்.

சிகாமணி குழியின் நடுவில் ஒரு கணம் தயங்கினான். தணியாத கட்டை ஒன்று வலது காலுக்கு அடியில் உடைந்தது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கடைசி வரைக்கும் நடந்தான். பலகையில் உட்காரும் முன் ஏகாம்பரம் மஞ்சள் கிண்ணத்தோடு அவன் முன்னால் மண்டியிட்டு, இரண்டு பாதத்திலும் குழைத்த மஞ்சளைத் தடிமனாகப் பூசினார். பூசிய பாதத்தை ஊர் பார்த்தது. தம்பிக்கு அண்ணன் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

"ஸ்டேஷன் மாஸ்டர் குனிஞ்சு இன்னிக்குத்தான்யா பாக்கறேன்" என்றார் தர்மகர்த்தா துளசிங்கம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மஞ்சளுக்கு அடியில் தோல் வழன்று அவர் விரலோடு வந்தது.

"அம்மன் என் மேல கை வெக்கலண்ணே. காலு மேல வெச்சிட்டா" என்று சிகாமணி சிரிக்கப் பார்த்தான். பிறகு உதடு அசையாமல் சொன்னான்: "நாப்பத்தெட்டு நாளும் சுத்தமாத்தான் இருந்தேன். பீடிகூட தொடல. சத்தியமா."

"தெரியும். வாயை மூடு."

திங்கட்கிழமை கால் வீங்கியது. மஞ்சள் துணி சுற்றிக் கட்டினார்கள். செவ்வாய் மாலை ஐந்தே காலுக்கு நடுக்கம் வந்தது. ஆறு மணிக்கு மரியாதை ஊர்வலம். முதல் ஆள் வராவிட்டால் கேள்வி வரும். பூங்காவனம் வாசல்படியில் குறுக்கே நின்றாள்.

"மாமா, உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடலாம்."

"ஊர்வலம் முடியட்டும்."

"முடியறதுக்கு ஒன்பது ஆவும்."

"முடியட்டும்னேன்."

தலையில் பரிவட்டத்தோடு சிகாமணி நான்கு தெருவும் நடந்தான். ஏகாம்பரம் பக்கத்திலேயே நடந்து அவன் முழங்கையைப் பிடித்திருந்தார். பார்ப்பதற்குப் பிரியம்போல இருந்தது.

"சார்?" என்றாள் நிலோபர். "நேரம் ஓடுது."

"இன்னிக்கு விடியக்காலம்" என்றார் ஏகாம்பரம். "நாலு மணி."

"அதுக்கு முன்னாடி எதுவும் இல்லையே? நடுக்கம், உடம்பு சூடு?"

"நேத்து சாயங்காலம் ஊர்வலத்துல நடந்து வந்தான். ஊரே பாத்துச்சு."

அது பொய்யில்லை. அவர் தனக்குள் அதைச் சரிபார்த்துக்கொண்டார்.

அவள் போர்வையைக் கால் பக்கம் விலக்கினாள். "இது என்ன கட்டு?"

"மஞ்சள் காப்பு. வெள்ளிக்கிழமை அவுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"ஒரே நிமிஷம் பிரிச்சுப் பாத்துட்டு நானே கட்டிடறேன். எங்கயாவது புண் இருந்தா..."

"புண் இல்ல. எங்க குடும்பத்துல கால் சுட்டதில்ல, விசாரிச்சுப் பாருங்க. நான் பொறுப்பு."

நிலோபர் கட்டைப் பார்த்தாள். போன வருடம் ஒரு நோயாளியின் கையிலிருந்த காப்புக் கயிற்றை அவசரத்தில் வெட்டியதற்காக இந்த ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. விடியக்காலம் நாலு மணிதானா?"

பூங்காவனம் கணவனின் நெற்றியில் வைத்த கையை எடுக்கவில்லை. மூத்தாரின் முகத்தைப் பார்த்தாள். வாசல்படியில் நின்றபோது பார்த்த அதே முகம்.

"மாமா சொன்னா சரிதான்" என்றாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சொல்ற நேரம்" என்றாள் ஸ்டெல்லா, டாக்டரைத் தைரியப்படுத்துவதுபோல. "எங்கப்பா அந்தக் காலத்துல இவர் கொடி அசைக்கறதைப் பாத்துத்தான் வாட்சுக்குச் சாவி குடுப்பார் மேடம்."

ஏகாம்பரம் தகட்டில் கட்டைவிரலை வைத்தார். தகடு பச்சையானது. ஏழு பதினெட்டுக்கு ஊசி போட்டார்கள்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி நீண்டது. பயறுபோல உருண்டையாக இருந்தது அரிசிபோல ஒடுங்கி நூலுக்குள் நுழைந்து போனது. பின்னால் இன்னொன்று. பிறகு பத்து, நூறு. சிகாமணியின் உதட்டில் நிறம் வந்தது. எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்தான்.

"அண்ணே."

"இங்கதான் இருக்கேன்."

"மறுபடியும் பாதம் காட்டணுமாண்ணே?"

"வேணாம். தூங்கு."

"பூங்கா, இட்லி வாங்கினு வா. நாலு. சட்னி தனியா." அவள் சிரித்துவிட்டாள். ஏகாம்பரத்துக்கும் தோள் தளர்ந்தது. காலம் தன் வாக்குக்குக் கட்டுப்பட்டுவிட்டதாக, நாலு மணி என்று சொன்னதால் நாலு மணியாகவே ஆகிவிட்டதாக, ஒரு சில நிமிடங்கள் அவர் நிஜமாகவே நம்பினார்.

எட்டு இருபத்திரண்டுக்குச் சிகாமணி அவரை அடையாளம் தெரியாமல் பார்த்தான். இடது கை வெட்டி இழுத்தது. ஒன்பது மணிக்குச் சிறுநீரகமும், பிறகு இதயமும் நின்றன. நிலோபர் அவன் மார்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டேயிருந்தாள். ஒன்பது ஐம்பத்தொன்றுக்குக் கையை எடுத்தாள்.

ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

பூங்காவனத்தை ஸ்டெல்லா வெளியே அழைத்துப் போனாள். நிலோபர் கால்மாட்டுக்கு வந்தாள். எதுவும் கேட்காமல் மஞ்சள் துணியைக் கத்தரித்தாள். நாற்றம் அறையை நிறைத்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"எப்போ சுட்டது?"

"ஞாயித்துக்கிழமை."

"காய்ச்சல்?"

அவர் சுவரில் இருந்த கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுவதைக் கவனித்தார். "மூடிடுங்கம்மா. வெளிய ஆளுங்க வந்திருக்காங்க" என்றார்.

அவள் புதுத் துணி எடுத்துச் சுற்றினாள். படம் எடுக்கவில்லை. முடிச்சு அவர் போட்டிருந்ததைப் போலவே பக்கவாட்டில் விழும்படி கட்டினாள். அன்று மாலையே உடலை எரித்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது எல்லாம் தானாக நடந்தது. நேரச்சான்று நாலு மணி என்றது. மூன்றரை மணி நேரத்துக்குள் இளக்கி கொடுத்தும் ஆள் இறந்தால் மருந்தில் கோளாறு, அல்லது கொடுத்த கையில் கோளாறு. மாவட்ட அலுவலகம் டாக்டரை விடுப்பில் அனுப்பியது. தாலுகா முழுதும் இருந்த இளக்கிக் குப்பிகளை எடுத்து முத்திரை வைத்தது. காலில் புண் இருந்தது என்று அவள் எழுதியதற்குச் சாட்சி இல்லை. ஊர் கொதித்தது. விரதம் தவறாதவனை, நெருப்பே சுடாதவனை, ஊசி போட்டுக் கொன்றுவிட்டாள் என்று சுவரொட்டி வந்தது. நம்ம சாமி விஷயம் அந்தம்மாவுக்கு எங்கே புரியப் போகிறது என்றும் சிலர் பேசினார்கள்.

ஏகாம்பரம் மறுக்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார். வருகிறவர்களிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். துக்கம் கேட்க வந்தவர்களோடு தரையில் உட்காரச் சொன்னபோதும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, காலுறை இல்லாமலும் அநேகமாகப் பார்த்ததில்லை. உத்தியோகப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கு உள்ளே ஒன்றும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அதுபோல உடம்பு முழுதும் இருந்தது.

பதினைந்தாம் நாள் காலை பூங்காவனம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவரிடம் அவள் பேசுவது அதுதான் முதல் தடவை.

"மேலத்தாங்கல்ல ஒரு பொண்ணு செத்துப் போச்சு மாமா. பத்தொன்பது வயசு. நர்சிங் படிக்குது."

"எதுல?"

"இதேதான். அறுவடை மெஷின்ல கை கிழிஞ்சு காய்ச்சல். மூணு மணி நேரத்துல தாலுகா ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டாங்களாம். இளக்கி இல்ல, சீல் வெச்சுட்டாங்கன்னு மாவட்டத்துக்கு அனுப்பியிருக்காங்க. பாதி வழியிலயே போயிடுச்சு."

அவர் காப்பியைத் தொடவில்லை.

"அவங்கப்பா நேரத்தை நிஜமாத்தான் சொன்னாராம் மாமா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காரியம். அதே மாலை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். விசாரணை அதிகாரி காலையில் வருகிறார், ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை பேர் உட்காருவது, யார் பேசுவது என்று முடிவு செய்யத்தான் கூடினார்கள். துளசிங்கம் மனுவைப் படித்தார். அந்த டாக்டரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும், இளக்கியை நிரந்தரமாக நிறுத்த வேண்டும். முதல் கையெழுத்துக்கு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள்.

"அந்தப் பலகையை எடுத்தாங்க" என்றார் ஏகாம்பரம்.

"எந்தப் பலகை?"

"பாதம் காட்டற பலகை."

"அது திருவிழாவுக்குத்தானே மாஸ்டர்?"

"எடுத்தாங்கய்யா."

கொண்டுவந்து போட்டார்கள். ஏகாம்பரம் செருப்பைக் கழற்றினார், காலுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். வலது உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் சதை சுருங்கி, காய்ந்த ஏரி மண்போல வெடித்து மினுங்கியது.

முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பின்வரிசை எழுந்து வந்து பார்த்தது.

"நாப்பத்தோரு வருஷம் முன்னாடி சுட்டது. சாயங்காலம் ஆறு முப்பத்தஞ்சு. எங்கப்பா மஞ்சள் பூசினாரு. அவர் காலுக்கு எங்க தாத்தா பூசினாராம். எங்க குடும்பத்துல கால் சுடாதவன் எவன்னு எனக்குத் தெரியாது. மறைக்காதவன் ஒருத்தனும் இல்ல."

"யோவ் மாஸ்டர்" என்றார் துளசிங்கம் மெதுவாக. "இதை ஏன்யா இப்ப காட்டற? மூடுய்யா."

"நான் அந்த நாப்பத்தெட்டு நாளும் சுத்தமா இருந்தேன். என் தம்பியும் இருந்தான். நெருப்பு யாரையும் விசாரிக்கறதில்ல. கட்டை தணியலன்னா சுடும். அவன் கால் ஞாயித்துக்கிழமை ஆறு நாப்பதுக்குச் சுட்டது. காய்ச்சல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சே கால். டாக்டரம்மா மூணு தடவை கேட்டாங்க. நான் புதன்கிழமை நாலு மணின்னு கைரேகை வெச்சேன். அவங்க என் வார்த்தையை நம்பினாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்ச தப்பு."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் பூங்காவனம் நின்றிருந்தாள். அவள் அழவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. அவர் பேசி முடித்ததும் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

"அப்ப முதல் உரிமை?" என்று ஒருவர் கேட்டார்.

"அதை நீங்க பேசிக்குங்க" என்றார் ஏகாம்பரம். காலுறையை எடுத்து உதறினார். மாட்டவில்லை. வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார். மறுநாள் விசாரணை அதிகாரியிடம் அதே நேரங்களை அதே வரிசையில் சொல்லிக் கைரேகை வைத்தார். பொய்ச் சான்றுக்கு நான்கு மாதம் சிறையில் இருந்தார். குப்பிகளின் முத்திரையைப் பத்து நாளில் உடைத்தார்கள். டாக்டர் நிலோபர் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். முதல் உரிமை சீட்டுக் குலுக்கலுக்குப் போனது. பாதம் காட்டும் வழக்கம் நின்றது.

அடுத்த வருடத் திருவிழாவைப் பற்றிக் கல்லேரிப்பட்டில் ஒரு பேச்சு இருக்கிறது. தம்பிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, ஏகாம்பரம் கடைசி ஆளாகத் தீயில் இறங்கினார் என்றும், உண்மையைச் சொன்னவர் என்பதால் அம்மன் அவர் காலைச் சுடவில்லை என்றும் சொல்கிறார்கள்.

இறங்கினார் என்பது சரி. கால் சுட்டது. அன்றே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் நிலோபர் கேட்பதற்கு முன்பே நேரத்தைச் சொன்னார். ஏழு பன்னிரண்டு.